ஆற்றுவாயிலைத் திறந்தவன்

வொர்குத்தா, 14 அக்டோபர் 2001

மதிப்பிற்குரிய கிளெப் அர்சேனியெவிச்,

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு உங்களை நல்லாவே ஞாபகம் இருக்கு. 1960, மே மாசம். கெஷ்மா மியூசியத்துல நீங்க அப்பதான் புதுசா சேர்ந்திருந்தீங்க. முழங்கை தேஞ்ச பழுப்புக் கோட்டு. எங்க அஞ்சாம் வகுப்பைப் பழைய கோட்டையோட ஆத்துவாயில் முன்னாடி வரிசையா நிக்க வச்சு, கையை ஒசத்திச் சொன்னீங்க: "1609ல இந்தக் கதவைத்தான் எதிரிக்குத் திறந்துவிட்டான் வாயில்காவலன் ஷுமீலோ. கெஷ்மா எரிஞ்சு சாம்பலாச்சு."

முப்பது தலை ஒரே சமயத்துல என் பக்கம் திரும்புச்சு. என் பேரு ரிம்மா யெகோரொவ்னா ஷுமீலவா.

அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் எனக்குப் பேரு "கதவு". "ஏய் கதவு, சாத்திக்கோ, குளிருது!" நம்ம ஊர்ல யாராவது கதவைத் திறந்துபோட்டுட்டு வந்தா, "ஷுமீலோவா நீ?"ன்னு கேக்கறது எல்லா வீட்டுலயும் உண்டே. மத்தவங்களுக்கு அது வெறும் பேச்சு. எங்களுக்குக் குடும்பப் பேரு.

இப்ப எழுதறதுக்குக் காரணம் இருக்கு. கூடப் படிச்ச ஸோயா உள்ளூர்ப் பத்திரிகையை வெட்டி அனுப்பியிருக்கா. வர ஜூன்ல ஊருக்கு 850 வயசாம், ஆத்துவாயில்ல கல்லு நடப்போறாங்களாம். அதுல செதுக்கப்போற வாசகமும் போட்டிருக்கு: "வாயில்காவலன் ஷுமீலோவின் துரோகத்தால் 1609இல் இங்கே மாண்டோர் நினைவாக." எழுதிக் கொடுத்தது நீங்கன்னும் போட்டிருக்கு.

எங்கப்பாவுக்கு எண்பத்தோரு வயசு. முப்பத்தஞ்சு வருஷமா இங்க வடக்குல கிடக்கறோம். கெஷ்மாவுல அவங்க அம்மா பக்கத்துல தன்னைப் புதைக்கணும்கறதுதான் அவர் என்கிட்ட கேட்ட ஒரே விஷயம். கல்லறைக்குப் போற வழியே ஆத்துவாயில் வழியாத்தான். பத்திரிகையைப் படிச்சுட்டு மடிச்சு வச்சார். "அப்ப இங்கேயே போட்டுடு. செத்தும் அந்தக் கல்லைத் தாண்டிப் போக என்னால ஆகாது"ன்னார்.

அந்தப் பேரை எடுத்துடுங்க. வேற எதுவும் கேக்கல.

ரி. ஷுமீலவா

கெஷ்மா, 2 நவம்பர் 2001

அன்புள்ள ரிம்மா யெகோரொவ்னா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னது சரி, எனக்கு உங்களை நினைவில்லை. அந்தக் கோட்டு நினைவிருக்கிறது.

வாசகத்தை எழுதியவன் நான். முடிவு செய்வது விழாக் குழு. ஆனாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. நான் ஆவணத்தை வைத்துப் பேசுகிறவன். 1609இல் இங்கே இருந்த ஆளுநர் ஜாருக்கு அனுப்பிய அறிக்கை இருக்கிறது. "லித்துவேனியர் வந்தபோது வாயில்காவலன் ஷுமீலோ, சாத்தி வைக்கும்படி நான் இட்ட கட்டளையை மீறி, துரோகம் செய்து ஆற்றுவாயிலைத் திறந்தான்" என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. முத்திரையோடு, தேதியோடு. அதை மறுக்கும் காகிதம் ஒன்றுகூட நாற்பது ஆண்டுகளில் என் கண்ணில் படவில்லை.

இந்த நகரம் ஐந்து முறை எரிந்தது. 1238இல் தாத்தாரியப் படை எரித்தது. அடுத்த நூற்றாண்டில் நம்முடைய இளவரசர்களே இரண்டு முறை எரித்தார்கள், அண்ணன் தம்பிச் சண்டையில். 1773இல் ஒரு ரொட்டி அடுப்பு எரித்தது. நான்கு தீக்கு ஒரு தனி மனிதனின் பெயர் கிடைக்கவில்லை. 1609க்கு மட்டும் கிடைத்திருக்கிறது. வரலாறு எழுதுகிறவன் கிடைத்த பெயரைக் கீழே போட முடியாது. உங்கள் தந்தையின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனம் ஆவணம் ஆகாது.

உங்கள் குடும்பத்தில் பழைய தாள் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். பார்க்கிறேன்.

கி. அ. லாதிகின்

வொர்குத்தா, 25 நவம்பர் 2001

கிளெப் அர்சேனியெவிச்,

ஆவணமா? எங்க குடும்பத்துல ஆவணம் கேக்கறீங்களா? எங்க முப்பாட்டனுங்களுக்குக் கையெழுத்தே சிலுவைக் குறிதான். ஆளுநருக்கு எழுதத் தெரியும், எழுதினார். ஷுமீலோவுக்குத் தெரியாது, எழுதல. உங்க வரலாறு இவ்வளவுதானே?

சரி, கேட்டுட்டீங்க. எங்க வீட்டு ஆவணக் காப்பகத்தையே திறந்துவிடறேன், சிரிச்சுக்கோங்க. செத்தவங்க பேரை எழுதிக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பாதிரியார்கிட்டப் படிக்கக் கொடுக்கற சின்ன நோட்டு ஒண்ணு இருக்கு. எல்லார் வீட்டுலயும் இருக்கறதுதான். தேயத் தேயப் புது நோட்டுல பாத்து எழுதுவாங்க. என் அத்தை எழுதின நோட்டுல ஆரம்பம் இப்படி: "கோந்திராத், ஃபெத்தீனியா, யெமெல்யான், ஸ்தெபான்..." இப்படியே முப்பத்தேழு பேரு. கடைசியா எங்கம்மா. முதல் ஆள் கோந்திராத் யாருன்னு அப்பாவுக்கும் தெரியாது. "எப்பவும் அவர்தான் முதல்ல. மாத்தக்கூடாதும்பாங்க"ன்னார். அவ்வளவுதான் காப்பகம். மூடியாச்சு.

நீங்க எழுதினதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். எழுந்துபோய் வாசக்கதவு சாத்தியிருக்கான்னு பாத்துட்டு வந்தார். சுரங்கத்துல பதினஞ்சு வருஷம், காத்தும் தீயும் பரவாம அடைக்கற காத்துக்கதவுக்குப் பொறுப்பா இருந்த ஆளு, அந்தப் பழக்கம் போகல. வீட்டுல ஒரு கதவு அரை விரக்கடை திறந்திருந்தாலும் அவருக்குச் சோறு எறங்காது.

நான் ரயில் நிலையத்துல வண்டிங்களைத் தடம் மாத்தி விடறவ. தப்பான தடத்துல விட்டுட்டா, "மேலிருந்து வந்த தாள்ல அப்படித்தான் இருந்துச்சு"ன்னு நான் சொல்லித் தப்பிக்க முடியாது. உங்க வேலை நல்ல வேலை.

ரிம்மா

கெஷ்மா, 9 ஜனவரி 2002

அன்புள்ள ரிம்மா யெகோரொவ்னா,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பண்டிகை விடுமுறை ஒரு காரணம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தது இன்னொரு காரணம்.

கோந்திராத் என்ற பெயர் என்னை உறுத்துகிறது. பேராலயத்தின் பழைய நினைவேடு எங்கள் அருங்காட்சியகப் பெட்டகத்தில் இருக்கிறது. 1609இல் இறந்தவர்களின் பெயர்கள் அதில் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் திரித்துவப் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை அவற்றை வாசிப்பார்கள். சோவியத் ஆட்சியில் பேராலயம் உருளைக்கிழங்குக் கிடங்காக இருந்த ஐம்பத்தேழு ஆண்டுகளிலும், மனப்பாடம் செய்திருந்த பெண்கள் கல்லறைத் தோட்டத்தில் நின்று சொல்லிவந்தார்கள். அந்த ஏட்டில் "ஆற்றுவாயிலில் கொல்லப்பட்டோர்" என்ற தலைப்பின் கீழ் முதல் பெயர் கோந்திராத்.

தயவுசெய்து நம்பிக்கை வைத்துவிடாதீர்கள். கோந்திராத்துகள் அந்தக் காலத்தில் தெருவுக்கு மூவர். ஆனால் ஒன்று உண்மை. அன்று எல்லாருக்கும் இரண்டு பெயர்கள். ஞானஸ்நானத்தில் கோயில் வைக்கும் பெயர் ஒன்று, தெருவில் கூப்பிடும் பெயர் ஒன்று. ஷுமீலோ எந்தப் புனிதரின் பெயரும் இல்லை; சத்தம் போடுகிறவன் என்று தெரு வைத்த பெயர். அந்தப் பெயரில் எந்தப் பாதிரியாரும் ஒருவனுக்காக ஜெபித்திருக்க மாட்டார். அவனுக்குக் கோயில் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளில் அது என்ன என்று தேட எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

சண்டை ஓய்ந்தபின், 1620களில், ஜாரின் எழுத்தர்கள் வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள், யார் இறந்தார்கள் என்று பதிவு செய்தார்கள். அந்தப் பதிவேடு மாஸ்கோவில் இருக்கிறது. மார்ச்சில் போகிறேன்.

அத்தையின் நோட்டுக்கு முந்தைய நோட்டு எங்கே என்று அப்பாவிடம் கேளுங்கள்.

மியூசியத்தின் பார்வையாளர் பேரேட்டைப் புரட்டினேன். "1960 மே 19, ஐந்தாம் வகுப்பு, 31 குழந்தைகள், வழிகாட்டி லாதிகின்." உங்கள் முகம் இன்னும் நினைவுக்கு வரவில்லை. முயன்றேன்.

கி. லாதிகின்

வொர்குத்தா, 3 பிப்ரவரி 2002

கிளெப் அர்சேனியெவிச்,

முந்தைய நோட்டை அத்தையோட சவப்பெட்டியிலயே வச்சுட்டாங்களாம். அதனால தோண்டி எடுக்கற யோசனையெல்லாம் வேணாம், மியூசியத்துக்காரங்களுக்கு அந்தப் புத்தி வரும்.

நம்பிக்கை வைக்காதேன்னு எழுதறீங்க. நான் அம்பத்திரண்டு வயசுப் பொம்பளை, பேருக்குப் பயந்து பேரை மாத்திக்கறதுக்காகவே கல்யாணம் பண்ணி, ஒன்பது மாசத்துல திரும்பி வந்து மறுபடியும் ஷுமீலவா ஆனவ. நம்பிக்கையெல்லாம் அளவாத்தான் இருக்கு. ஆனா உங்க கடிதத்தை வேலைக்குப் போறப்ப கைப்பையில வச்சுக்கிட்டுப் போறேன். ஏன்னு தெரியல.

அப்பாகிட்ட எதுவும் சொல்லல. நெஞ்சுல கரி அடைச்சு இருமல் ஜாஸ்தியாயிருக்கு. டாக்டர் கோடை வரைக்கும்னு சொல்றார், எந்தக் கோடைன்னு சொல்லல. மே மாசம் கல்லைச் செதுக்குவாங்கன்னு ஸோயா எழுதியிருக்கா. சீக்கிரம் போய்ப் பாருங்க. மாஸ்கோவுல வழுக்கி விழுந்து வைக்காதீங்க.

ரிம்மா

கெஷ்மா, 20 மார்ச் 2002

அன்புள்ள ரிம்மா யெகோரொவ்னா,

கிடைத்துவிட்டது.

அப்படியே படியெடுத்து எழுதுகிறேன். "ஆற்றுவாயிலருகே வெற்று மனை. வாயில்காவலன் கோந்திராத், ஷுமீலோ என்று அழைக்கப்பட்டவன், இருந்தது. லித்துவேனியரால் வாயிலிலேயே கொல்லப்பட்டான். மனைவி ஃபெத்தீனியா, சிறுவன் யெமெல்யானோடு மதிலடியில் பிச்சையெடுத்து வாழ்கிறாள்."

கோந்திராத், ஃபெத்தீனியா, யெமெல்யான். உங்கள் அத்தையின் நோட்டில் உள்ள அதே வரிசை. வாசிப்பறையில் எழுந்து நின்றுவிட்டேன். உட்காரச் சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பேராலய நினைவேட்டை மறுபடி எடுத்தேன். நாற்பது ஆண்டுகளாக முதல் வரியோடு நிறுத்திவிடுவேன், அடுத்த வரியில் பெயர்கள் இல்லை என்பதால். அந்த வரி இது: "அவனோடு, அவன் திறந்த வாயிலால் உள்ளே ஓடிவந்த வெளிக்குடியிருப்பு ஆண்கள், பெண்கள், பால்குடிகள். அவர்கள் பெயர்களை ஆண்டவரே நீர் அறிவீர்."

எனவே அவன் திறந்தான். அதில் ஐயமில்லை. எதிரிக்கு அல்ல. மதிலுக்கு வெளியே குடியிருந்த ஜனங்கள் துரத்தப்பட்டு வந்து கதவைத் தட்டினார்கள். சாத்தி வைக்கச் சொன்னவர் ஆளுநர். அவனோ திறந்தான். பின்னாலேயே குதிரைகள் வந்துவிட்டன. ஆளுநர் மறுபக்கத்துப் படித்துறையிலிருந்து படகில் தப்பிப்போய், பத்திரமான இடத்தில் உட்கார்ந்து அந்த அறிக்கையை எழுதினார். அவர் எங்கிருந்து எழுதினார் என்பது அறிக்கையின் தலைப்பிலேயே இருக்கிறது. அதையும் நான் யோசித்ததில்லை.

இந்த நகரம் அவனைச் சும்மா விடவே இல்லை. 1773 தீக்குப் பின் பேரரசியின் ஆட்கள் நேர்த்தெரு போட, ஆற்றுவாயிலை மட்டும் விட்டு மதிலை இடித்தபோது, எதிர்த்தவர்களிடம் "துரோகியின் மதில்தானே" என்றார்கள்; செங்கல் வணிகர் வீடுகளுக்குப் போயிற்று. 1937இல் உள்ளூர்ப் பத்திரிகை "நம்மிடையே உள்ள ஷுமீலோக்கள்" என்று வாரம் ஒரு பட்டியல் போட்டது. பட்டியலில் வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. 1960இல் நான் முப்பத்தொரு குழந்தைகளிடம் சொன்னேன். அதே ஊர் அதே ஆளை ஒரு பெயரில் வருஷம் முழுக்க ஏசிக்கொண்டும், இன்னொரு பெயரில் வருஷத்துக்கு ஒருநாள் அவனுக்காக ஜெபித்துக்கொண்டும் இருந்திருக்கிறது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமியிடம் கேட்கிறேன்.

கல்லின் வாசகத்தை மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன்: "வெளியே நின்றவர்களுக்காக வாயிலைத் திறந்து இறந்த கோந்திராத் ஷுமீலோவின் நினைவாக." அப்பாவிடம் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்.

உங்கள் கிளெப் லாதிகின்

வொர்குத்தா, 11 ஏப்ரல் 2002

கிளெப் அர்சேனியெவிச்,

சொல்லல. சொல்லவும் மாட்டேன். அந்த வாசகத்தைப் போடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு சமையலறையில உக்காந்து அழுதேன். சந்தோஷத்துலதான் ஆரம்பிச்சேன். பாதியில வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

1974ல சுரங்கத்துல தீப்பிடிச்சுது. அந்த அடுக்குல இரும்புக் கதவுக்குப் பொறுப்பு அப்பா. போன்ல உத்தரவு வந்துச்சு: சாத்து. உள்ள மூணு பேர் இருந்தாங்க. அப்பா சாத்தினார். இருபது நிமிஷம் அவங்க குழாயைத் தட்டிக்கிட்டே இருந்தாங்களாம். அவர் இந்தப் பக்கம் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே நின்னார். விசாரணையில "சரியாகச் செய்தார்"னு எழுதினாங்க. திறந்திருந்தா பக்கத்துப் பகுதியில அறுபது பேர் போயிருப்பாங்களாம். பாராட்டுப் பத்திரம் கொடுத்தாங்க. அது இன்னும் பீரோவுக்குப் பின்னால சொருகிக் கிடக்கு.

அம்மாகிட்ட ஒரே ஒரு தடவை பேசினார், நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். "கை திறக்கத்தான் போச்சு, லீதா. ஆனா என்ன தோணுச்சு தெரியுமா? ஷுமீலோ புத்தி போகலைம்பாங்களேன்னு தோணுச்சு." அம்மா, "இங்க யாருக்குங்க அந்தக் கதை தெரியும்?"னு கேட்டா. "எனக்குத் தெரியுமே"ன்னார்.

இப்ப நான் போய், "அப்பா, ஷுமீலோ நல்லவன், ஜனங்களுக்காகத்தான் கதவைத் திறந்தான், நீங்க யாரைப் பாத்துப் பயந்து சாத்தினீங்களோ அவன் அப்படிப்பட்டவன் இல்ல"ன்னு சொல்லணுமா? கோடை வரைக்கும் இருக்கப்போற மனுஷன்கிட்ட?

துரோகின்னும் வேணாம், தியாகின்னும் வேணாம். முதல் கடிதத்துல கேட்டதைத்தான் இப்பவும் கேக்கறேன். பேரை எடுத்துடுங்க.

ரிம்மா

கெஷ்மா, 29 ஏப்ரல் 2002

ரிம்மா யெகோரொவ்னா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேரடியாகச் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 அன்று, மாஸ்கோ பதிவேட்டின் நகலையும் பேராலய ஏட்டின் நகலையும் மியூசிய முத்திரையிட்டு, பதிவுத் தபாலில், யெகோர் பவ்லொவிச் ஷுமீலவ் பெயருக்கு அனுப்பிவிட்டேன். சம்பந்தப்பட்டவருக்குச் சான்றிட்ட நகல் தருவது எங்கள் வழக்கம். நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அவர் கையிலேயே காகிதமும் இருக்கட்டும் என்று நினைத்தேன். மகிழ்ச்சியில் செய்தேன். வாழ்நாளில் மகிழ்ச்சியில் நான் செய்த காரியங்கள் குறைவு, ஒன்றும் உருப்படவில்லை.

தபால் நிலையத்தில் கேட்டேன். திரும்பப் பெற முடியாதாம். எப்படியாவது அவர் கைக்குப் போகுமுன் வாங்கிவிடுங்கள்.

கல்லைப் பற்றி: வேறு காரணத்தால் உங்கள் விருப்பம் நிறைவேறிவிட்டது. குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "நாப்பது வருஷமா துரோகின்னீங்க, இப்பத் திடீர்னு தியாகியா? கல்லு என்ன கரும்பலகையா கிளெப் அர்சேனியெவிச், அழிச்சு அழிச்சு எழுத?" என்றார். பேரே வேண்டாம் என்று முடிவாயிற்று. கல் தச்சர் அதற்குள் முந்திக்கொண்டு "ஷுமீலோ" என்று செதுக்கிவிட்டிருந்தார். அதைச் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். காய்ந்தால் தெரியவில்லை, நனைந்தால் தெரிகிறது.

என் நகர வரலாற்று நூலின் புதிய பதிப்பில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யவில்லை. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

கி. லா.

வொர்குத்தா, 20 மே 2002

கிளெப் அர்சேனியெவிச்,

உங்க கடிதம் வர்றதுக்கு முன்னாடியே உறை வந்துடுச்சு. நான் வேலைக்குப் போயிருந்தேன். அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார்.

நான் வர்றப்ப மேஜை மேல ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பூதக்கண்ணாடியோட உக்காந்திருந்தார். "கோந்திராத் யாருன்னு தெரிஞ்சுடுச்சு"ன்னார். அதுக்கப்புறம் மூணு நாள் சூப்பு வச்சா குடிச்சார், படுத்தார், எழுந்தார். உங்களை நான் திட்டின திட்டு ஊரு வரைக்கும் கேட்டிருக்கணும். ஆண்டவன் மேல ஆணையா, எதிர்ல இருந்திருந்தா அடிச்சே இருப்பேன்.

நாலாம் நாள் காலையில கூப்பிட்டார். அப்படியே எழுதறேன்.

"அவன் திறந்தான். ஊரு எரிஞ்சுது. நான் சாத்தினேன். அறுபது பேர் பொழைச்சாங்க. யார் செஞ்சது சரின்னு எவனும் எனக்குச் சொல்ல வேணாம், தெரிஞ்சு என்ன ஆகப்போவுது. ஆனா அவன் அந்த ஜனங்க கூடவே செத்தான் பாரு. நான் போய்ப் பாராட்டுப் பத்திரம் வாங்கிக்கிட்டேன்."

"அப்பா, உத்தரவு அப்படி"ன்னேன்.

"அவனுக்கும்தான் உத்தரவு இருந்துச்சு"ன்னார். அப்புறம் உங்க தாளைக் காட்டி, "அந்த ஜனங்க பேரு ஆண்டவருக்குத்தான் தெரியும்னு எழுதியிருக்கு. என் ஆளுங்க பேரு எனக்கே தெரியும். பேனா எடு"ன்னார். இருபத்தெட்டு வருஷமா அவர் வாயிலிருந்து வராத பேருங்க. அனிசிம். வலேரி. ரெனாத்.

ஆத்துவாயில்ல செத்தவங்க பேரைப் படிக்கறப்ப, கோந்திராத்துக்குக் கீழ இந்த மூணையும் சேத்துப் படிக்கணுமாம். அதை நீங்கதான் செய்யணுமாம். "அந்த மியூசியக்காரன்தானே அனுப்பினான், அவனே செய்யட்டும்"கறார். ரெனாத் தாத்தார், முஸ்லிம். பாதிரியார் படிக்கமாட்டார்னு நான் சொன்னேன். "அப்ப அந்த மியூசியக்காரன் வெளிய நின்னு சொல்லட்டும்"னார்.

நீங்க கோயிலுக்குப் போறவர் மாதிரி தெரியல. செய்வீங்களான்னு எழுதுங்க. அப்புறம் கல்லறை இடத்துல தண்ணி நிக்குமான்னும் கேக்கறார். அவருக்கு ஈரம் ஆகாதாம்.

நூல்ல உண்மையையே எழுதுங்க. அவர்தான் சொல்லச் சொன்னார்.

ரிம்மா

கெஷ்மா, 24 ஜூன் 2002

அன்புள்ள ரிம்மா யெகோரொவ்னா,

விழா 16ஆம் தேதி முடிந்தது. உரைகள் ஆறு, பித்தளை வாத்தியக் குழு ஒன்று. தூறல் போட்டது. தலைவர் துணியை விலக்கியபோது கல் நனைந்தது, சிமெண்டுக்கு அடியிலிருந்து பெயர் தெளிவாகத் தெரிந்தது.

நேற்று முன்தினம், சனிக்கிழமை, பேராலயத்துக்குப் போனேன். திரித்துவப் பண்டிகைக்காக உள்ளே பிர்ச் மரக் கிளைகளை நட்டிருந்தார்கள். பாதிரியாரிடம் முதல்நாளே சீட்டைக் கொடுத்திருந்தேன். அனிசிமையும் வலேரியையும் ஒத்துக்கொண்டார். ரெனாத்துக்குத் தலையசைத்து மறுத்தார், முரட்டுத்தனமாக அல்ல.

அதனால் நான் படிக்கட்டில் நின்றேன். உள்ளே வாசிப்பது காதில் விழ வேண்டும் என்று வாசற்கதவை முதுகால் தள்ளித் திறந்தபடியே பிடித்திருந்தேன். பலமான கதவு, சுருள்கம்பி போட்டது. ஆற்றுவாயிலில் கொல்லப்பட்டோர் என்று ஆரம்பித்தார். கோந்திராத். பெயர் அறியாதவர்கள். அனிசிம். வலேரி. நான் ரெனாத் என்று சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லறை இடத்தைப் பார்த்தேன். மணல் மண், தண்ணீர் நிற்காது. அப்பாவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அங்கே நின்றபோது ஆற்றுக்காற்று உள்ளே போய் மெழுகுவர்த்திகள் தணிந்தன. மெழுகுவர்த்தி விற்கும் அம்மாள் எட்டிப் பார்த்துச் சீறினார்: "கதவைச் சாத்துங்க பெரியவரே, எல்லாம் அணையுது! ஷுமீலோவா நீங்க?"

"ஆமாம்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பி, மெழுகுவர்த்திகளை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றார். வாசித்து முடியும் வரை கதவைப் பிடித்திருந்தேன்.

உங்கள் கிளெப் லாதிகின்